யாரும் போடத் துணியாத முதல் பணம்: அமெரிக்க வலுசக்தி ஆராய்ச்சி தரும் பாடம்

2025 செப்டெம்பர் 30 ஆம் திகதி நள்ளிரவுடன் அமெரிக்க அரசாங்கத்தின் நிதி ஒதுக்கீடு முடிவுக்கு வந்தது. புதிய ஒதுக்கீட்டுக்கு இணக்கம் காணப்படாததால் அரச அலுவலகங்கள் பல முடங்கின. 43 நாட்கள் நீடித்த அந்த முடக்கத்தைப் பற்றி உலக ஊடகங்கள் நிறையவே எழுதின. ஆனால் அதே நள்ளிரவில் இன்னொரு சட்டமும் காலாவதியானது. அதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. சிறிய கம்பனிகளின் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் பணம் கொடுப்பதற்கு 43 ஆண்டுகளாக வழிசெய்து வந்த சட்டம் அது.

அந்தத் திட்டத்தின் பெயர் சிறு வணிகப் புத்தாக்க ஆராய்ச்சித் திட்டம். சுருக்கமாக எஸ்.பி.ஐ.ஆர். என்பார்கள். பாதுகாப்பு, சுகாதாரம், விண்வெளி, விவசாயம் என்று பல துறைகளில் இது இயங்குகிறது. இக்கட்டுரை வலுசக்தித் துறையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. காரணம், புதிய மின்கலங்கள், சூரியப் படலங்கள், மின்சாரத்தைச் சேமிக்கும் முறைகள் ஆகியவற்றில் தனியார் பணம் நுழையத் தயங்கும் இடம் எது, அரசாங்கப் பணம் எங்கே பயன்படுகிறது, எங்கே வீணாகிறது என்ற கேள்விகளுக்கு இந்தத் துறையில்தான் தெளிவான விடைகள் கிடைக்கின்றன. அந்த விடைகள் அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

எப்படித் தோன்றியது?

1970 களில் அமெரிக்க அரசாங்கம் ஆராய்ச்சிக்குப் பெருந்தொகையைச் செலவிட்டது. ஆனால் அதில் மிகப் பெரும் பங்கு பெரிய கம்பனிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தேசிய ஆய்வுகூடங்களுக்குமே போய்ச் சேர்ந்தது. பத்து, இருபது பேர் வேலை செய்யும் சிறு கம்பனிகளுக்கு எதுவும் கிடைப்பதில்லை. தேசிய விஞ்ஞான மன்றத்தில் பணியாற்றிய ரோலண்ட் திபெட்ஸ் என்ற அதிகாரி இந்த நிலையை மாற்ற விரும்பினார். 1977 இல் அந்த மன்றத்துக்குள் ஒரு சிறிய பரீட்சார்த்தத் திட்டத்தை ஆரம்பித்தார். அதன் வெற்றியைப் பார்த்து 1982 ஜூலையில் ஜனாதிபதி ரொனால்ட் ரேகன் அதனை நாடு முழுவதற்குமான சட்டமாக்கிக் கையொப்பமிட்டார்.

இங்கு கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. அரசாங்கம் பொருளாதாரத்தில் தலையிடக் கூடாது என்று ஓயாமல் பேசிய தலைவர் ரேகன். அவரே தனியார் கம்பனிகளுக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் சட்டத்துக்கு ஒப்பமிட்டார். சந்தைப் பொருளாதாரத்தின் தலைமையகம் என்று நாம் நினைக்கும் நாட்டிலும் சந்தையால் செய்ய முடியாத வேலை ஒன்று இருப்பதை இரு கட்சிகளும் ஏற்றுக்கொண்டன.

சட்டத்தின் அடிப்படை எளிமையானது. வெளியாருக்கு வழங்கும் ஆராய்ச்சி நிதி ஆண்டுக்கு 100 மில்லியன் டொலரைத் தாண்டும் ஒவ்வொரு அரச திணைக்களமும் அதில் ஒரு பங்கைச் சிறு கம்பனிகளுக்கென ஒதுக்க வேண்டும். ஆரம்பத்தில் 0.2 சதவீதமாக இருந்த அந்தப் பங்கு படிப்படியாக உயர்ந்து 3.2 சதவீதமானது. பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சிக்காக 1992 இல் ஒரு துணைத் திட்டமும் உருவானது. அதற்கு மேலும் 0.45 சதவீதம். 500 பேர் வரை வேலை செய்யும் கம்பனிகளே விண்ணப்பிக்கலாம். எல்லாத் திணைக்களங்களையும் சேர்த்தால் ஆண்டொன்றுக்கு 4 பில்லியன் டொலருக்கும் மேற்பட்ட தொகை இவ்வழியில் போகிறது.

இது புதிதாகத் தேடிய பணம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இருந்த ஆராய்ச்சி நிதியிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அதனால்தான் 1982 இல் பெரிய பல்கலைக்கழகங்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தன. தமது பங்கு குறையும் என்பது அவர்களின் கவலை. அந்த எதிர்ப்பையும் மீறித்தான் சட்டம் நிறைவேறியது.

எப்படி இயங்குகிறது?

அமெரிக்க வலுசக்தித் திணைக்களம் தனக்குத் தீர்வு தேவைப்படும் தொழில்நுட்பப் பிரச்சினைகளைப் பட்டியலிட்டு வெளியிடும். குறைந்த செலவில் மின்சாரத்தைச் சேமிப்பது, அதிக வெப்பத்தைத் தாங்கும் உலோகங்கள், மின்வலையமைப்பைக் கண்காணிக்கும் உணரிகள், அணு இணைவு ஆய்வுக்குத் தேவையான காந்தங்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். சிறு கம்பனிகள் அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்து தமது யோசனையை எழுதி அனுப்பும். துறைசார் நிபுணர்கள் மதிப்பிட்டுத் தரவரிசைப்படுத்துவார்கள்.

உதவி மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முதலாம் கட்டத்தில் சுமார் 2 இலட்சம் டொலர் கிடைக்கும். யோசனை வேலை செய்யுமா என்பதை ஓராண்டுக்குள் செய்து பார்ப்பதற்கான பணம் அது. அதில் வெற்றி பெற்றவர்கள் இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கு 10 இலட்சம் டொலருக்கு மேல் கிடைக்கும். காலம் சுமார் இரண்டு ஆண்டுகள். மூன்றாம் கட்டம் என்பது சந்தைக்குக் கொண்டுசெல்வது. அதற்கு இந்தத் திட்டத்தின் கீழ் ஒரு சதமும் இல்லை. முதலீட்டாளரையோ வாடிக்கையாளரையோ கம்பனியே தேடிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பணம் கடன் அல்ல. திருப்பிச் செலுத்தத் தேவையில்லை. அரசாங்கம் கம்பனியில் பங்கும் கேட்பதில்லை. கண்டுபிடிப்பின் உரிமை கம்பனிக்கே சொந்தம். தோற்றுப்போனால் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். பொதுமக்களின் வரிப்பணத்தை இப்படிக் கொடுப்பது நியாயமா என்ற கேள்வி எவருக்கும் எழும். அதற்கு விடை காண வலுசக்தித் துறையின் இயல்பைப் பார்க்க வேண்டும்.

தனியார் ஏன் வருவதில்லை?

ஒரு கையடக்கத் தொலைபேசிச் செயலியை உருவாக்க மூன்று இளைஞர்களும் மூன்று மடிக்கணினிகளும் போதும். சில மாதங்களில் அது மக்கள் கையில் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரமே மாற்றி எழுதலாம். ஒரு மின்கலத்தின் கதை அப்படியல்ல. ஆய்வுகூடத்தில் சட்டைப் பொத்தான் அளவில் வேலை செய்யும் இரசாயனம், செங்கல் அளவுக்கு வரும்போது சூடேறலாம். ஆயிரம் முறை மின்னேற்றி இறக்கிய பின்னர் வலுவிழக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளவே ஆண்டுகள் ஆகும். அதன் பிறகு தொழிற்சாலை கட்ட நூற்றுக்கணக்கான மில்லியன் டொலர் வேண்டும். இத்தனைக்கும் பிறகு சந்தையில் விற்கப் போவது மின்சாரம். சுவிட்சைப் போட்டால் மின்குமிழ் எரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த மின்சாரம் புதிய முறையில் வந்ததா பழைய முறையில் வந்ததா என்று பார்த்து யாரும் அதிக விலை கொடுக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் துணிகர முதலீட்டாளர்கள் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துப் படித்தார்கள். 2006 முதல் 2011 வரை தூய வலுசக்திக் கம்பனிகளில் சுமார் 25 பில்லியன் டொலரைப் போட்டு, அதில் பாதிக்கும் மேல் இழந்தார்கள் என்று எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வறிக்கை ஒன்று 2016 இல் கணக்கிட்டது. அதன் பின்னர் அவர்களில் பலர் இந்தத் துறையைத் திரும்பிப் பார்க்கவே அஞ்சினார்கள்.

ஆகவே யோசனைக்கும் முதலீட்டுக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. யோசனை வேலை செய்கிறது என்று காட்டினால்தான் முதலீட்டாளர் வருவார். வேலை செய்கிறது என்று காட்டுவதற்கே பணம் வேண்டும். பல்கலைக்கழக ஆராய்ச்சி நிதி ஆய்வுக்கட்டுரையுடன் நின்றுவிடும். வங்கி அடமானம் கேட்கும். இந்தப் பள்ளத்தைக் கடக்கும் முதல் பலகையை யார் போடுவது என்பதுதான் பிரச்சினை.

ஆய்வு சொல்லும் உண்மை

அரசாங்கம் பலகை போட்டதால் உண்மையில் யாராவது கடந்தார்களா? அல்லது எப்படியும் வென்றிருக்கக்கூடிய கம்பனிகளுக்கே பணம் போய்ச் சேர்ந்ததா? நல்ல மாணவனைச் சேர்த்துக்கொண்ட பாடசாலை, அவன் சித்தியடைந்ததும் தன் பெருமை என்று சொல்லிக்கொள்வதைப் போன்ற சிக்கல் இது.

சப்ரினா ஹவல் என்ற பொருளாதார ஆய்வாளர் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார். வலுசக்தித் திணைக்களம் ஒவ்வொரு போட்டியிலும் விண்ணப்பங்களை எப்படித் தரவரிசைப்படுத்தியது என்ற பதிவுகளை 1983 முதல் 2013 வரை எடுத்து ஆராய்ந்தார். வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே நின்று பணம் பெற்றவர்களையும், சற்றுக் கீழே நின்று பணம் பெறாதவர்களையும் ஒப்பிட்டார். வெட்டுப்புள்ளியில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் பல்கலைக்கழக அனுமதி பெற்ற மாணவனுக்கும் அதைத் தவறவிட்ட மாணவனுக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லை அல்லவா? இதுவும் அப்படித்தான்.

2017 இல் வெளியான அந்த ஆய்வின் முடிவுகள் தெளிவானவை. சுமார் 1 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் முதலாம் கட்ட உதவி பெற்ற கம்பனி, பின்னர் துணிகர முதலீட்டைப் பெறும் வாய்ப்பு 10 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக, அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்காக உயர்ந்தது. காப்புரிமைகளும் வருமானமும் அதிகரித்தன. இளம் கம்பனிகளுக்கும் பணத்துக்குத் திண்டாடிய கம்பனிகளுக்கும் பயன் இன்னும் அதிகம்.

அதைவிட முக்கியமானது இரண்டாவது கண்டுபிடிப்பு. அதிக பணம் தரும் இரண்டாம் கட்டத்துக்கு இத்தகைய பலன் தென்படவில்லை. முதலாம் கட்டத்தின் பின்னர் தனியார் முதலீடு கிடைத்த நல்ல கம்பனிகளில் பல இரண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. அத்துடன், ஒரு கம்பனி ஏற்கெனவே எத்தனை உதவிகளைப் பெற்றிருக்கிறதோ அந்த அளவுக்கு அடுத்த உதவியின் பயன் குறைந்துகொண்டே போனது. ஜோஷ் லேர்னர் என்ற ஹார்வர்ட் பேராசிரியர் 1999 இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒத்ததே. ஓர் உதவி பெற்ற கம்பனியை விடப் பல உதவிகள் பெற்ற கம்பனி அதிகம் வளரவில்லை என்று அவர் கண்டார்.

அரசாங்க முத்திரை கிடைத்ததால் முதலீட்டாளர் நம்பி வந்தார் என்பதும் காரணம் அல்ல. அந்தப் பணத்தில் கம்பனி ஒரு முன்மாதிரியைச் செய்து மேசையில் வைத்தது. அதைப் பார்த்துத்தான் முதலீட்டாளர் வந்தார். சான்றிதழை விடச் செய்து காட்டிய பொருளே பேசியது.

விதை ஓரிடம், விளைச்சல் ஓரிடம்

ஆனால் முதல் பணம் மட்டும் போதுமா? இதற்கு விடை சொல்கிறது ஏ123 என்ற கம்பனியின் கதை.

லித்தியம் இரும்பு பொஸ்பேட் என்ற பொருளை மின்கலத்தில் பயன்படுத்தலாம் என்பதை 1990 களின் நடுப்பகுதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் குட்எனஃப் என்பவரின் ஆய்வுக்குழு கண்டறிந்தது. அவர் 2019 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இந்தப் பொருள் மலிவானது, எளிதில் தீப்பற்றாதது. ஆனால் மின்சாரத்தை மிக மெதுவாகவே கடத்தும். எம்.ஐ.டி. பேராசிரியர் யெட்-மிங் சியாங் அந்தக் குறையை நீக்கும் வழியைத் தேடினார். 2001 இல் இன்னும் சிலருடன் சேர்ந்து ஏ123 கம்பனியைத் தொடங்கினார். ஆரம்ப நாட்களில் அதற்குக் கைகொடுத்தது வலுசக்தித் திணைக்களத்தின் எஸ்.பி.ஐ.ஆர். உதவி. தொகை வெறும் 1 இலட்சம் டொலர்.

சில ஆண்டுகளில் அந்த மின்கலங்கள் பிளாக் அன்ட் டெக்கர் கம்பனியின் கம்பியில்லாத் துளைகருவிகளுக்குள் வந்தன. 2009 இல் கம்பனி பங்குச் சந்தையில் நுழைந்து சுமார் 380 மில்லியன் டொலரைத் திரட்டியது. அதே ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் தொழிற்சாலைகள் அமைப்பதற்காக ஒபாமா அரசாங்கம் 249 மில்லியன் டொலர் உதவியை அறிவித்தது. இதுவரைக்கும் இது ஒரு வெற்றிக்கதை.

ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு மின்சாரக் கார்கள் விற்பனையாகவில்லை. தொழிற்சாலை இருந்தது, வாங்குவோர் இல்லை. 2012 மார்ச்சில் குறைபாடுள்ள மின்கலங்களை மாற்றிக் கொடுக்க சுமார் 55 மில்லியன் டொலர் செலவாகும் என்று கம்பனி அறிவிக்க வேண்டி வந்தது. அரச உதவியில் பாதியளவை மட்டுமே பெற்றிருந்த நிலையில் அவ்வாண்டு ஒக்டோபரில் அது வங்குரோத்தானது. ஏலத்தில் சுமார் 257 மில்லியன் டொலருக்கு அதன் பெரும்பகுதியை வாங்கியது சீனாவின் வான்சியாங் கம்பனி. பாதுகாப்புத் துறை சார்ந்த ஒரு சிறு பிரிவு மட்டும் அமெரிக்கக் கைகளில் தங்கியது.

இன்று உலகில் லித்தியம் இரும்பு பொஸ்பேட் மின்கலங்களின் உற்பத்தியில் மிகப் பெரும் பகுதி சீனாவில் நடக்கிறது. இதற்கு ஏ123 இன் விற்பனை மட்டும் காரணம் அல்ல. சீன அரசாங்கம் மின்சார பஸ்களுக்கும் கார்களுக்கும் உள்நாட்டில் பெரும் சந்தையை உருவாக்கியது. பல ஆண்டுகள் பொறுமையுடன் அதைத் தாங்கிப் பிடித்தது. அமெரிக்கா கண்டுபிடிப்புக்கும் தொழிற்சாலைக்கும் பணம் கொடுத்தது, வாங்குவோரை உருவாக்கவில்லை. விதைத்தவன் நீர் பாய்ச்ச மறந்தால் விளைச்சல் பக்கத்து வயலுக்குத்தான்.

குழப்பிக்கொள்ளக் கூடாத இரண்டு

அரசாங்கம் வலுசக்திக் கம்பனிகளுக்குப் பணம் கொடுக்கிறது என்றவுடன் அமெரிக்காவில் பலரும் உச்சரிக்கும் பெயர் சொலிண்ட்ரா. சூரியப் படலங்கள் தயாரித்த அந்தக் கம்பனிக்கு 535 மில்லியன் டொலர் கடனுக்கு அரசாங்கம் உத்தரவாதம் வழங்கியது. 2011 செப்டெம்பரில் அது வங்குரோத்தானது. அரசாங்கம் வியாபாரத்தில் கைவைத்தால் இதுதான் கதி என்று விமர்சகர்கள் சொன்னார்கள்.

அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது வேறொரு திட்டம். ஒரே கம்பனியில் ஒரே தடவையில் பெருந்தொகையை வைத்த கடன் உத்தரவாதத் திட்டம் அது. அதே வலுசக்தித் திணைக்களத்தின் இன்னொரு கடன் திட்டத்தில் டெஸ்லா 465 மில்லியன் டொலர் கடன் பெற்று, 2013 இல் குறித்த காலத்துக்கு முன்னரே திருப்பிச் செலுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எஸ்.பி.ஐ.ஆர். இன் தர்க்கம் வேறு. சொலிண்ட்ராவில் போன தொகையைக் கொண்டு 2 இலட்சம் டொலர் வீதம் 2,600 க்கும் மேற்பட்ட சிறு பரீட்சார்த்தங்களைச் செய்து பார்த்திருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை தோற்றிருக்கும். ஒவ்வொரு தோல்வியும் மலிவானதாக இருந்திருக்கும்.

சட்டம் ஏன் நின்றது?

2022 இல் மூன்று ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்ட சட்டம் 2025 செப்டெம்பர் 30 இல் முடிவடையும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிரதிநிதிகள் சபை செப்டெம்பரில் ஓராண்டு நீடிப்புக்கு ஒப்புதல் அளித்தது. செனட் சபையில் அது அந்தத் திகதிக்குள் நிறைவேறவில்லை. புதிய விண்ணப்பங்களைக் கோருவதும் புதிய உதவிகளை வழங்குவதும் தடைப்பட்டன.

செனட்டின் சிறு வணிகக் குழுவின் தலைவி, குடியரசுக் கட்சியின் ஜோனி ஏர்ன்ஸ்ட் இரண்டு குறைகளைச் சுட்டிக்காட்டினார். ஒன்று, சில கம்பனிகள் ஆண்டுதோறும் உதவிக்கு விண்ணப்பித்து அதிலேயே பிழைப்பு நடத்துகின்றன, எந்தப் பொருளையும் சந்தைக்குக் கொண்டுவருவதில்லை. அமெரிக்காவில் இவற்றை எஸ்.பி.ஐ.ஆர். ஆலைகள் என்று கேலியாக அழைப்பார்கள். மற்றது, இந்தப் பணத்தில் பிறக்கும் தொழில்நுட்பம் சீனாவுக்குப் போய்விடுகிறது. எனவே ஒரு கம்பனி வாழ்நாளில் பெறக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வேண்டும், சீனத் தொடர்புகளைப் பற்றிய விசாரணை கடுமையாக வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. அக்குழுவின் மூத்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் எட் மார்க்கி, அனுபவமுள்ள கம்பனிகளைத் தண்டிப்பது அறிவுடைமை அல்ல என்றார். மூன்றாண்டுக்கு ஒருமுறை நீடிப்புக்காகக் காத்திருக்காமல் திட்டத்தை நிரந்தரமாக்க வேண்டும் என்றார்.

ஹவலின் ஆய்வை வைத்துப் பார்த்தால் இருவரிடமும் பாதி உண்மை இருக்கிறது. பழகிய கைகளுக்கே திரும்பத் திரும்பக் கொடுப்பதில் பயன் குறைவு என்ற ஏர்ன்ஸ்டின் வாதத்துக்கு ஆதாரம் உண்டு. ஆனால் அதற்காகத் திட்டத்தையே நிறுத்தி வைத்தது தவறு. பல உதவிகளைப் பெற்றுப் பழகிய கம்பனியிடம் சேமிப்பு இருக்கும், வேறு ஒப்பந்தங்கள் இருக்கும். ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும். முதல் தடவையாக விண்ணப்பிக்கவிருந்த நால்வர் கொண்ட கம்பனியால் முடியாது. அவர்கள் கலைந்து வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். களை பிடுங்குவதாகச் சொல்லி நீரை நிறுத்தினால் முதலில் வாடுவது நாற்றுத்தான்.

சீனாவைப் பற்றிய கவலையும் இப்படித்தான். ஏ123 சீனாவுக்குப் போனது யாரோ திருடிச் சென்றதால் அல்ல. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த ஏலத்தில் பகிரங்கமாக விலை கொடுத்து வாங்கப்பட்டது. கதவுக்குப் பூட்டுப் போடுவதால் இந்தப் பிரச்சினை தீராது. உள்ளூரில் வாங்குவோர் இருந்தால் கம்பனி ஏலத்துக்கே வந்திருக்காது.

இதற்கிடையில் மற்ற நாடுகள் இந்த முறையைப் பார்த்துத் தமக்கேற்ற வடிவில் அமைத்துக்கொண்டன. தென் கொரியா 1998 இலும், ஜப்பானும் சீனாவும் 1999 இலும், பிரித்தானியா 2001 இலும் சிறு கம்பனிகளின் ஆராய்ச்சிக்கான அரச திட்டங்களைத் தொடங்கின. இந்தியா 2005 இல் உயிரியல் தொழில்நுட்பத் துறையில் இதே போன்ற ஒரு திட்டத்தை ஆரம்பித்தது.

நமக்கு இதில் என்ன?

இலங்கை வாசகர் ஒருவர் இந்த இடத்தில் கேட்கலாம்: நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நமது கூரைகளின் மேலேயே இருக்கிறது. 2016 இல் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் தொடங்கிய பின்னர் வீடுகளிலும் கடைகளிலும் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் சூரியப் படலங்கள் பெருகின. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடி மின்சாரத் தேவை குறைந்தபோது, பகல் நேரத்தில் அந்தப் படலங்களைத் தாமாகவே நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பகலில் இலவசமாகக் கிடைக்கும் வெயிலை வேண்டாம் என்கிறோம். இரவில் எண்ணெயும் நிலக்கரியும் எரிக்கிறோம். சேமிப்பதற்கு மின்கலம் இல்லாததே காரணம். இனி நாம் வாங்கப்போகும் மின்கலங்களில் கணிசமானவை அந்த லித்தியம் இரும்பு பொஸ்பேட் வகையாகத்தான் இருக்கும். 1 இலட்சம் டொலர் உதவி பெற்ற ஒரு சிறு கம்பனி வளர்த்தெடுத்த பொருளை நாம் டொலர் கொடுத்துச் சீனாவிடமிருந்து வாங்குவோம்.

அமெரிக்காவின் 3.2 சதவீதத்தை நாம் அப்படியே எடுத்துவர முடியாது. அண்மைய ஆண்டுகளில் இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடும் மொத்தத் தொகையே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சின்னத் தேங்காயைத் துருவினால் சின்னக் கிண்ணம்தான் நிரம்பும். புதிய மின்கல இரசாயனத்தை நாம் கண்டுபிடிக்கப் போவதும் இல்லை. ஆனால் பணத்தின் அளவை விடப் பணம் கொடுக்கும் முறைதான் இந்தக் கதையின் பாடம். அதற்கு டொலர் தேவையில்லை.

முதலாவது, சிறு தொகையைப் பலருக்குக் கொடுப்பது. ஒரு பெரிய கட்டடம் கட்டி நிலையம் என்று பெயர் வைப்பதை விட, அந்தப் பணத்தில் ஐம்பது பேருக்கு முன்மாதிரி செய்ய உதவலாம். இரண்டாவது, பிரச்சினையை அரசாங்கம் சொல்ல வேண்டும். கடற்கரையோர உப்புக் காற்றில் துருப்பிடிக்காத சூரியப் படலச் சட்டம், நெல் உலர்த்தும் சூரிய உலர்த்தி, மீனவப் படகுக்கான மின்கலம், பழைய மின்கலங்களை மீண்டும் பயன்படுத்தும் முறை: இவை நமது பிரச்சினைகள். இவற்றுக்கு வேறு எந்த நாடும் நமக்காகத் தீர்வு தேடாது. மூன்றாவது, அறிக்கை கேட்பதை விடச் செய்த பொருளைக் கேட்பது. நான்காவது, வென்ற பொருளை அரச பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் முதல் வாடிக்கையாளராக வாங்குவது. ஏ123 க்கு இல்லாமல் போனது இந்த நான்காவதுதான்.

இதில் எனக்குப் பெரிதாகப் படும் இன்னொரு விடயமும் உண்டு. 2013 இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. கிழக்கிலும் மலையகத்திலும் புத்தளத்திலும் எத்தனையோ பாடசாலைகளில் பிள்ளைகள் பொறியியல் தொழில்நுட்பமும் உயிர்முறைமைகள் தொழில்நுட்பமும் படிக்கிறார்கள். நல்ல செய்முறை அறிவுடன் வெளியே வரும் பிள்ளைக்கு இன்று மூன்று வழிகளே தெரிகின்றன: அரச உத்தியோகத்துக்குக் காத்திருப்பது, வெளிநாடு போவது, குடும்பத்தின் வியாபாரத்தில் சேர்வது. நமது சமூகத்தில் வியாபாரம் செய்யத் துணிவு இருக்கிறது. கடை போடுவதற்கு உறவினர் கைமாற்றுக் கொடுப்பார்கள். ஆனால் இன்னும் செய்து பார்க்காத ஒரு பொருளைச் செய்து பார்ப்பதற்கு வாப்பாவும் கொடுக்க மாட்டார், வங்கியும் கொடுக்காது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அது ஒரு குடும்பம் தாங்க வேண்டிய நட்டம் அல்ல. அதைத் தாங்குவதற்குத்தான் பொதுப்பணம் இருக்கிறது.

1982 இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்டது இந்த ஓர் உண்மையைத்தான். புதிய முயற்சியின் முதல் நட்டத்தை ஒரு நாடு பகிர்ந்துகொள்ளாவிட்டால் அந்த முயற்சி பிறப்பதே இல்லை. பிறக்காத முயற்சியை யாரும் எண்ணிக் கணக்கிடுவதும் இல்லை. 43 ஆண்டுகள் அதைக் கடைப்பிடித்த நாடே அரசியல் இழுபறியில் அந்தப் பணத்தை நிறுத்தி வைத்தது அவர்களின் கவலை. ஒருநாளும் அதைத் தொடங்காமலே இருப்பது நமது கவலை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் புத்தாக்கம் என்ற சொல் நிச்சயம் வரும். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தத் தொகை எழுதப்பட்டிருக்கிறது என்பதோடு நில்லாமல், அதில் எவ்வளவு முதல் தடவையாக விண்ணப்பிக்கும் ஒருவரின் கைக்குப் போய்ச் சேரும் என்பதையும் நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம்.